துண்டுக்குக் கீழே

எந்தக் கையால் வரைவது என்று முடிவு செய்ய முடியாமல் செண்பகவல்லி முதல் நாற்பது நிமிடத்தைக் கோட்டைவிட்டிருந்தாள். ஓவிய வகுப்பில் இருபத்திரண்டு பேர். இருபத்தொரு பேருக்கு எந்தக் கை என்பது பால்குடி வயதிலேயே முடிந்துபோன விஷயம். இவள் ஒருத்திதான் மூன்று மாதமாகத் தினமும் காலையில் எழுந்து அதை முடிவு செய்துகொண்டிருந்தாள். மேடைமேல் மாடல் சிகாமணி அய்யா மறுபடி ஏறிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, சாக்பீசால் போட்டிருந்த இரண்டு பாத அடையாளங்களுக்குள் பாதங்களைப் பொருத்தி, முகத்தை ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பி, மடியில் துண்டை விரித்துக்கொண்டார். மாஸ்டர் மேசைமேல் இருந்த அலாரம் கடிகாரத்தைத் திருகி வைத்துவிட்டு, "இன்னும் ரெண்டே சிட்டிங். நாலு மணிக்குக் கமிட்டி வந்து பார்க்கும். ஃபோட்டோ மாதிரி வரையாதீங்கப்பா, உங்க ஸ்டைலைக் காட்டுங்க" என்றார். அவளுக்கு முன்னால் பலகையில் கல்லூரி முத்திரை குத்திய ஒரே ஒரு தாள். இன்னொன்று கேட்டால் தரமாட்டார்கள். அதில் இதுவரை தலை இங்கே, முழங்கால் இங்கே என்று ஈ உட்கார்ந்ததுபோல் நாலைந்து புள்ளிகள் மட்டும். முதல் வருடம் எல்லாருக்கும் பொது. அடுத்த வருடம் யார் பெயின்டிங், யார் சிற்பம், யார் டெக்ஸ்டைல் என்று இன்றைக்கு இந்தத் தாளைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். அரையாண்டில் கமிட்டி அம்மா ஒருவர் அவள் வரைந்ததைக் கையில் எடுத்துப் பார்த்து, "எவ்வளவு நீட்டா இருக்கு! உனக்கு டெக்ஸ்டைல்தாம்மா" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போயிருந்தார். பாராட்டு கேட்டு அழுத பெண் இந்தக் கல்லூரிச் சரித்திரத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த நீட்டான கோடு எங்கே பிறந்தது என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கோவில்பட்டியில், பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் ரெக்கார்டு நோட்டில். லட்சுமிபிரபா டீச்சருக்குப் படத்தில் மயிர் இருக்கக்கூடாது. மயிர் என்றால், தொட்டுத் தொட்டு எடுத்துப் போடும் கோடு. "ஒரே கோடு. ஆரம்பிச்ச இடத்துல முடியணும். நிழல் கிழல் போட்ட, கிழிச்சுருவேன்" என்பார். ஒரே கோட்டில் கரப்பான்பூச்சியின் குடலைப் போட செண்பகவல்லியால் முடிந்தது. அது தெரிந்த அன்றைக்கே அவள் பிழைப்பு போயிற்று. முன் பெஞ்சு காளீஸ்வரியின் நோட்டு வந்தது, பின் பெஞ்சு நோட்டுகள் வந்தன, கடைசியில் வகுப்பு மொத்தமும், நாற்பத்து மூன்று நோட்டு. நாற்பத்து மூன்று கரப்பான்பூச்சி, நாற்பத்து மூன்று மண்புழு, வலது பக்கம் ஸ்கேல் வைத்து இழுத்த குறிப்புக் கோடுகள், எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக. பதிலுக்குச் சிலர் கடலைமிட்டாய் தந்தார்கள், சிலர் தோளில் கை போட்டுக்கொண்டார்கள், அவளுக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. டீச்சர் எல்லா நோட்டிலும் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாற்பத்து மூன்று பேருக்கும் எப்படி ஒரே கரப்பான்பூச்சி கிடைத்தது என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் பேசாமல் இருந்தாரோ என்னவோ. டெக்ஸ்டைல் என்றதும் அவள் கண்முன் வந்தது அதுதான்: ஒரு பூ, பக்கத்தில் அதே பூ, அதற்குப் பக்கத்தில் அதே பூ, சேலை முடியும்வரை. டெக்ஸ்டைல் ஒன்றும் மட்டமில்லை, அங்கே படித்தவர்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் மாடியில் பெயின்டிங் அறைக் கதவு திறந்திருந்த ஒரு மத்தியானம், யாரோ சீனியர் வரைந்து காயவைத்திருந்த படத்தை அவள் பார்த்துவிட்டாள். வேறொன்றுமில்லை, உதறாத படுக்கை. படுத்து எழுந்தவர் இப்போதுதான் பல் தேய்க்கப் போனார் என்பதுபோல் ஒரு படுக்கை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அன்றைக்கு மெஸ்ஸில் சோறு தீர்ந்துவிட்டது. யாருமே இல்லாத ஒரு படத்தில் ஒரு ஆள் எப்படி இருக்கிறார்? அது தெரிய வேண்டும். அது தெரியாமல் ஊருக்குப் போனால் செத்தாலும் ஆறாது என்று தோன்றியது, பத்தொன்பது வயதில் அப்படித்தான் தோன்றும்.

ஸ்டைல். மாஸ்டர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லும் இந்தச் சொல்லை ஊரில் தலைவாருவதற்கும் கறுப்புக் கண்ணாடிக்கும்தான் சொல்வார்கள். உன் கோடு சுத்தமா இருக்கு, ஆனா அதுல நீ இல்லையே, எங்க போனே? என்று மாஸ்டர் கேட்பார். அவள் இங்கேதான் இருக்கிறாள், பெஞ்சில், தலைகுனிந்து. பக்கத்து இடத்துக்காரி நிலோபருக்கு வாணியம்பாடியிலிருந்து வரும்போதே ஸ்டைல் இருந்தது. கரியை எடுத்து ஓர் இழுப்பு, விரலால் ஒரு தேய்ப்பு, உடனே மாஸ்டர், "ஆங், இது நிலோபர்" என்பார். இவள் தாளைப் பார்த்தால் பெயரைத் தேடுவார். அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜனவரியில் ஹாஸ்டல் இரும்புக் கட்டிலை மடக்கும்போது வலது கட்டைவிரல் மாட்டி நசுங்கியது. நகம் நாவற்பழம் ஆயிற்று, துணியால் கட்டுப் போட்டாள். லீவு போட பயந்து இடது கையால் வரைந்தாள். கோடு இழுபட்டது, தடுக்கியது, போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. பால் வாங்கிக்கொண்டு போகும் ஒரு பெண்ணை வரைந்தால் அவள் பாலைச் சிந்திவிட்டு நிற்பவள்போல் வந்தது. வெட்கத்தோடு கொடுத்தாள். மாஸ்டர் அதைச் சுவரில் குத்திவிட்டு வகுப்பை நிறுத்தினார். "இதுதான் செண்பகவல்லி. பயந்து பயந்து போகுது பாருங்க இந்தக் கோடு, ஆனா போகுது. இத்தனை நாளா இதை எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்தே?" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷப்படும் மனிதரிடம், இது நான் இல்லை சார், என் வீங்கிய விரல் என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. மூன்று வாரத்தில் நகம் விழுந்து புதுசு முளைத்தது. அவள் கட்டை அவிழ்க்கவில்லை. திங்கட்கிழமைதோறும் குளித்துவிட்டுப் புதுத் துணி சுற்றினாள். "உன் விரலுக்கு வளைகாப்பே பண்ணிடலாம், மூணு மாசம் ஆச்சு" என்று நிலோபர் கிண்டல் செய்வாள். அவளுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

ஆகவே இடது கை. அதில் இரண்டாம் பேச்சு என்ன இருக்கிறது, பெயின்டிங் வேண்டும் என்றால் இடது கை. பென்சிலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு சிகாமணி அய்யாவின் நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள். நெற்றி, புருவத்து மேடு, மூக்கு. வெளியே மின்சார ரயில் போயிற்று. யாரோ கரியைக் கீழே போட்டார்கள். மூக்கு முடிந்து மேலுதட்டுக்கு வந்தபோது பென்சிலை நிறுத்திப் பார்த்தாள். கோடு தடுக்கவில்லை. எங்கேயும் இழுபடவில்லை. நெற்றியில் ஏறி மூக்கில் இறங்கி, ஆரம்பித்ததை முடிக்கும் பொறுப்புள்ள பெண்ணாக வந்து நின்றிருந்தது. மூன்று மாதம் தினமும் எட்டு மணி நேரம் அந்தக் கையால் வரைந்தால் அது என்ன செய்யும், பாவம், கற்றுக்கொண்டுவிட்டது. போன வாரமே சந்தேகம் வந்தது. தோளைக் கொஞ்சம் இறுக்கி, பென்சிலை நுனியில் பிடித்து, வேண்டுமென்றே தடுக்கவிட்டுச் சமாளித்தாள். நொண்டாதவன் நொண்டிக் காட்டுவதுபோல. இப்போதும் அப்படிச் செய்யலாம். மணிக்கட்டைத் தளர்த்தி மோவாயில் ஓர் உதறல் கொடுத்தாள். மோவாய் கெட்டதுதான் மிச்சம். அந்த உதறலைப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது, கல்யாண வீட்டில் அழத் தெரியாமல் அழுவதுபோல் இருந்தது. ரப்பரால் எடுத்தாள். இரண்டு கையிலும் கரப்பான்பூச்சிதான் இருக்கிறது என்றால் பிறகு எதற்கு இந்தக் கட்டு? பல்லால் முடிச்சை இழுத்தாள். நிலோபர் தன் பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அடிப்பாவி, இன்னிக்கா?" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். துணி அவிழ்ந்தது. உள்ளே விரல் வெயில் படாமல் வெளுத்து, ஈரத் துணி வாடை அடித்துக்கொண்டு, புது நகத்தோடு இருந்தது. அதைப் பார்த்ததும் எந்தக் காரணமும் இல்லாமல் அதன்மேல் அன்பு வந்தது.

வலது கை பழைய மாடு, வழி கேட்கவில்லை. மோவாயை முடித்தது, கழுத்தைப் போட்டது, காதுக்குப் பின்னால் போய்த் திரும்பியது. டெக்ஸ்டைல், டெக்ஸ்டைல் என்று மனம் ஒரு பக்கம் அடித்துக்கொண்டிருக்க, கை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தோற்றுப்போனவர்களுக்கு வரும் ஒரு நிம்மதி உண்டு, பரீட்சை ஹாலில் பேப்பரைப் பார்த்து ஒன்றுமே தெரியவில்லை என்றதும் வருமே, அது வந்துவிட்டது. நிதானமாகப் பார்க்க ஆரம்பித்தாள். சிகாமணி அய்யாவின் காதில் குத்தின ஓட்டை இருந்தது, ஒரு காலத்தில் கடுக்கன் போட்டிருப்பார்போல. சட்டையின் மேல் பித்தான் வேறு நிற நூலால் தைத்திருந்தது. யார் தைத்துக் கொடுத்திருப்பார்கள்? ஒரு வருடமாக இவரைப் பார்த்து வரைகிறாள். இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மாகூட இவரைப்பற்றி இவளைவிட அதிகம் விசாரித்திருக்கிறாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை முடிந்து வந்து ஃபோன் செய்யும்போதெல்லாம், "ஏட்டி, இன்னைக்கும் அந்தப் பெரியவரையா உக்கார வச்சு வரைஞ்சீக? மணிக்கணக்கா அசையாம இருந்தா அவருக்கு இடுப்பு என்னத்துக்கு ஆகும்? நடுவுல ஒண்ணுக்கு வந்தா விடுவாகளா, மாட்டாகளா?" என்பாள். "அதெல்லாம் விடுவாங்கம்மா" என்று எரிச்சலாகச் சொல்வாள். "நீ கேட்டியா?" என்பாள் அம்மா. கேட்டதில்லை. மாடலிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கொஞ்சம் இடது பக்கம், தலையைத் தூக்குங்க, அங்கேயே, அசையாதீங்க, இவ்வளவுதான் இந்த அறையில் அவரிடம் பேசும் தமிழ். அவரும் ஒரு குறை சொன்னதில்லை. உட்கார்ந்தார் என்றால் அலாரம் அடிக்கும்வரை கண் இமை மட்டும்தான் அசையும், "சிகாமணி கல்லுப்பா" என்று மாஸ்டர் பெருமையாகச் சொல்வார்.

துண்டு மட்டும் புதுசு. ஒன்றரை மாதமாகத்தான் அதை மடியில் போட்டுக்கொள்கிறார். முதல் நாள் மாஸ்டர் காரணம் கேட்டபோது "லேசா குளுருது சார்" என்றார். மின்விசிறியின் அடியில் எல்லாரும் வேர்த்து வழிந்துகொண்டிருந்த மார்ச் மாதம். மாஸ்டர் அதைக் காதில் வாங்காமல், "அட, மடிப்பு பிரமாதமா விழுது, அப்படியே விடுங்க" என்று குதித்தார். அன்றிலிருந்து வகுப்பே அந்தத் துண்டின்மேல் பைத்தியமாக இருந்தது. இப்போதும் இருபது பேர் மடிப்பைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நிலோபர் வரைந்த துண்டைத் தொட்டால் முரமுரக்கும் போலிருந்தது. செண்பகவல்லிக்குத் துண்டு அவ்வளவாகத் தெரியவில்லை. காலையில் இடத்துக்குச் சீட்டுக் குலுக்கியபோது யாருக்கும் பிடிக்காத பத்தொன்பதாம் எண் அவளுக்கு விழுந்திருந்தது: மேடைக்கு ஒட்டி, பக்கவாட்டில், இருக்கிற பெஞ்சுகளிலேயே தாழ்வான பெஞ்சு. அங்கிருந்து பார்த்தால் அவர் மூக்கின் துவாரமும் முழங்காலின் அடியும்தான் எடுப்பாகத் தெரியும். அப்புறம், துண்டின் ஓரத்துக்குக் கீழே, தொடைமேல் கிடந்த வலது கை. முழங்கால்வரை வந்துவிட்ட கோட்டை நிறுத்தி, கையை எங்கே ஆரம்பிக்கலாம் என்று பார்த்தாள். மணிக்கட்டில் ஆரம்பித்துக் கட்டைவிரலுக்கு வந்தாள். கட்டைவிரல் அங்கே இல்லை. தான் தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று நினைத்தாள். மறுபடி பார்த்தாள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன, திருநீறு எடுத்து உதிர்ப்பதுபோல, நிற்காமல். மேலே முகம் கல்லாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முகத்துக்குக் கீழே இப்படி ஒன்று நடக்கிறது என்று அந்த முகத்துக்கே தெரியாததுபோல் இருந்தது.

நிற்கட்டும், நின்றதும் போடலாம் என்று பென்சிலை ஓங்கிக்கொண்டு காத்திருந்தாள். நிற்கவில்லை. அவர் இன்னொரு கையால் துண்டின் அடியிலேயே அதை அமுக்கினார். இரண்டு மூச்சுக்கு நின்றது, விட்டதும் மறுபடி. ஒருமுறை லட்சுமிபிரபா டீச்சர் தட்டில் உயிருள்ள மண்புழுவைப் போட்டு வரையச் சொன்னபோது, "நெளியுறத எப்படி டீச்சர் ஒரே கோட்டுல போடுறது?" என்று கேட்டிருக்கிறாள். "நெளியாதப்ப பாத்துப் போடு" என்றார் டீச்சர். "நெளியலன்னா செத்துப்போச்சுன்னுல்ல டீச்சர் அர்த்தம்?" என்றதும் வகுப்பு சிரித்தது, இவள் வெளியே நின்றாள். இப்போதும் அதே கேள்விதான், வெளியே அனுப்பத்தான் ஆள் இல்லை. ஆட்டத்தைக் காட்ட வேண்டும் என்றால் கோட்டை ஆட்டலாம், இடது கை பழைய ஞாபகத்தில் எனக்குக் கொடு என்று குறுகுறுத்தது. ஆனால் அந்தக் கை ஆடவில்லையே. ஆடுகிறது, ஆனால் கிறுக்கலாக இல்லை. ஒவ்வொரு முறையும் ஓர் இடத்தில் முழுக் கையாக இருக்கிறது. பிறகு நூல் அளவு தள்ளி இன்னோர் இடத்தில் முழுக் கையாக இருக்கிறது. அதுதானே நடக்கிறது? அவள் போட்டாள். மணிக்கட்டிலிருந்து சுத்தமாக ஒரே கோட்டில் ஒரு கை, நகம், கணு, எல்லாம். அதன்மேலேயே நூல் தள்ளி இன்னொரு கை, அதே சுத்தத்தோடு. கொஞ்சம் தாழ்ந்து மூன்றாவது. மயிர் இல்லை, நிழல் இல்லை, மூன்றும் ஆரம்பித்த இடத்தில் முடிந்தன. பென்சிலை எடுத்துவிட்டுப் பார்த்தாள். தாளில் இருந்த கை நடுங்கியது. நிஜமாகவே நடுங்கியது. அதோடு நிற்கவில்லை, அந்தக் கையால் மேலே இருந்த முகம் மாறிப்போயிருந்தது. வெறுமே ஜன்னலைப் பார்த்த முகம் இப்போது கையை மறந்திருக்கப் பாடுபடும் முகமாக இருந்தது. அந்த முகத்தில் அவள் ஒரு கோடுகூடப் புதிதாகப் போடவில்லை. ஒரு வருடமாகத் தேடியது, மாடியில் சோறு மறந்து பார்த்தது, அது அவளுடைய ரெக்கார்டு நோட்டுக் கோட்டிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. எழுந்து நிலோபரின் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. இதைப் பார்த்தால் கமிட்டி என்ன, எவரும் டெக்ஸ்டைல் என்று சொல்ல முடியாது.

கமிட்டி. நாலு மணிக்கு மூன்று பேர் வந்து இந்தத் தாளைத் தூக்கிப் பார்ப்பார்கள். ஏன் மூணு கை என்பார்கள். மாஸ்டர் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். பிறகு மேடையைப் பார்ப்பார். துண்டைப் பார்ப்பார். அவ்வளவுதான், ஒரு நிமிடம் போதும். முந்தைய வருடம் ஒரு மாடல் அக்காவுக்கு இருமல் வந்து நிற்காமல் இருந்ததாம். நல்லவிதமாகத்தான் பேசினார்களாம், "உடம்பு தேறினதும் வாங்கம்மா" என்றுதான் சொன்னார்களாம். அந்த அக்கா பிறகு வரவில்லை என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். நடுங்கும் மாடலை வைத்து என்ன செய்வார்கள்? கல்லாக இருப்பதுதானே வேலை. போன வாரம் இவர் டீ கிளாசை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்துக் குடித்தார், சூடு பிடிக்கும்போல என்று அவள் நினைத்துக்கொண்டு போனாள். எவ்வளவு பார்த்தும் என்ன, பார்க்கவே இல்லை. அழித்துவிடலாம். ரப்பரை எடுத்தாள். அழித்தால் மிச்சம் இருப்பது கரப்பான்பூச்சி. நாலு மணிக்குக் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள், இந்த ஜென்மத்துக்கு மாடி ஏற முடியாது. ரப்பரை வைத்தாள். அவர்களுக்கு எங்கே புரியப்போகிறது, ஸ்டைல் சார் என்று சொல்லிவிட்டால் ஆயிற்று, அந்தச் சொல்லுக்குத்தான் யாரும் மறுபேச்சு பேசுவதில்லையே. சொல்லலாம். ஆனால் பார்த்தால் தெரியும். தெரியும்படிதானே போட்டிருக்கிறாள், அதுதானே இதன் அழகு. தெரியாதென்றால் படம் தோற்றது, தெரிந்தால் அவர் போனார். ரப்பரை மறுபடி எடுத்தாள். இவர் யார் எனக்கு? எப்படியும் அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ யாராவது பார்க்கத்தான் போகிறார்கள். அந்த யாராவது நானாக இருக்கவேண்டுமா? இப்படியே எடுத்து எடுத்து வைத்ததில் ரப்பர் வேர்வையில் பிசுபிசுத்தது. அவருடைய கை, அவருடைய வேலை. தீர்ப்புச் சொல்ல நான் யார்? நீ கேட்டியா, நீ கேட்டியா என்று அம்மா காதுக்குள்ளேயே இருந்தாள். அலாரம் அடித்தது.

எல்லாரும் சோம்பல் முறித்துக்கொண்டு டீக்குக் கிளம்பினார்கள். மாஸ்டரும் போனார். நிலோபர், "வாடி" என்று கூப்பிட்டு, இவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தனியே போனாள். சிகாமணி அய்யா துண்டோடு சேர்த்துக் கையைப் பிடித்தபடி மேடையிலிருந்து இறங்கினார். ஒரு வருடத்தில் முதல் முறையாகச் செண்பகவல்லி அவரைக் கூப்பிட்டாள். "அய்யா, ஒரு நிமிஷம் வர்றீங்களா?"

அவர் திடுக்கிட்டார். "இன்னாமா? நவுந்துட்டேனா?"

"இல்லைங்கய்யா. இதைக் கொஞ்சம் பாருங்க."

இத்தனை வருடத்தில் யாரும் அவரைப் பார்க்கச் சொன்னதில்லைபோல. பாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து வந்து, பெஞ்சுக்குப் பக்கத்தில் குனிந்தார். முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "நம்ப மூஞ்சிதான்" என்றார். பார்வை கழுத்துக்கு இறங்கியது, பித்தானுக்கு இறங்கியது, தொடைக்கு வந்தது. சிரிப்பு அப்படியே நின்றது. துண்டை இழுத்துக் கையை இன்னும் கொஞ்சம் மூடிக்கொண்டார்.

"இங்கேர்ந்து தெரியுதா?"

"இந்த இடத்துலேர்ந்து மட்டும்தான் அய்யா. வேற யாருக்கும் தெரியாது."

"சாரு பாத்துட்டாரா?"

"இன்னும் இல்லை."

அவர் மூன்று கோடுகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள், அவர் பேச ஆரம்பித்துவிட்டார். "மாசி மாசம் ஆரம்பிச்சுதும்மா. வூட்ல குளுருன்னு சொல்லிகினு கீறேன். இந்த வெயில்ல எவனுக்காச்சும் குளுருமா? அவளும் ஒண்ணும் கேக்காம ராத்திரி ஆனா போர்வையை எடுத்தாந்து போத்தி வுடுறா." மறுபடி தாளைப் பார்த்தார். "நல்லாப் போட்டுக்கீறே. அப்டியேதான் கீது. கண்ணாடியில கூட நான் இப்டிப் பாத்ததில்ல."

"நீங்க என்ன சொல்றீங்களோ அப்படிச் செய்றேன் அய்யா. இருக்கட்டும்னா இருக்கட்டும். வேண்டாம்னா எடுத்துடறேன்."

"எடுத்தா உனக்கு மார்க்கு கொறையுமா?"

"குறையாது" என்றாள் செண்பகவல்லி. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமே அய்யா. கைக்கெல்லாம் மார்க்கே கிடையாது."

அவர் நம்பினாரோ இல்லையோ, தலையை ஆட்டினார். "அப்ப எடுத்துடும்மா. இன்னும் ஒரு வருசம் உக்காந்துக்கிறேன்." அவள் ரப்பரைத் தாளின்மேல் வைத்தாள். மூன்று கையும் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. "எந்தக் கையை விடட்டும் அய்யா?" என்றாள். அவர் நன்றாகக் குனிந்து, மூன்றையும் யோசித்துப் பார்த்தார். "எது நல்லா நிக்குதோ, அத்த வுடும்மா" என்றார்.

நடுக் கையை விட்டுவிட்டு மேலே இருந்ததை அழிக்க ஆரம்பித்தாள். அழுத்திப் போட்ட கோடு, லேசில் போகவில்லை. பலகை பின்னால் நழுவியது. "இரு, புடிச்சிக்கிறேன்" என்று அவர் துண்டை விட்டுவிட்டு, நினைவில்லாமல் அந்தக் கையாலேயே பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். பலகை நடுங்கியது. தாள் நடுங்கியது. மற்ற கையால் பிடியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் ஆட்டத்துக்குத் தன் கையைக் கொடுத்து, அதோடு கூடவே போய்க்கொண்டு, மெதுவாக, தாள் கசங்காமல், இரண்டு கைகளையும் அழித்தாள்.